வீட்டுச் செடித் தொட்டியில் செர்ரி இறால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செடி வைத்த கண்ணாடித் தொட்டியில் சின்ன நன்னீர் இறால் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே இருக்கின்றன. வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவும் ஹீட்டர் வாங்குவதில்தான் தொடங்கும். சென்னை, மதுரை, திருச்சிக்காரர்களுக்குப் பிரச்சினை அதற்கு நேர் எதிர். நான் பார்த்தவரை நம் ஊரில் இறால் நோய் வந்து சாவது குறைவு. அடிக்கடி மாறும் தண்ணீர், மே மாத வெயில், கொசு மருந்து இந்த மூன்றும்தான் தொட்டியைக் காலி செய்கின்றன. அதனால் அவற்றை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

எந்த இறாலில் தொடங்குவது?

செர்ரி ஷ்ரிம்ப். விலங்கியல் பெயர் நியோகரிடினா டேவிடி. சீனா, தைவான் பக்கத்து ஓடைகளில் இருப்பது. காட்டில் இதன் நிறம் மங்கலான பழுப்பு. சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு எல்லாம் மனிதன் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கி உண்டாக்கியவை. பெண் இரண்டரை முதல் மூன்று செ.மீ. வரை வளரும், ஆண் இன்னும் சிறியது. ஆயுள் ஒன்று முதல் இரண்டு வருடம். தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தாக்குப்பிடிக்கும், வீட்டிலேயே குஞ்சு பொரிக்கும். முதல் தடவைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடையில் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு ‘கிரிஸ்டல் ரெட்’ ஒன்று கண்ணைப் பறிக்கும். ஜப்பானில் 1990களில் ஒருவர் தேர்ந்தெடுத்து வளர்த்த வகை அது. மென்மையான, லேசாக அமிலத்தன்மையுள்ள, 20 முதல் 24 டிகிரி வரையிலான தண்ணீர் அதற்கு வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் யோசியுங்கள். சமவெளியில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்காமல் அதில் கை வைக்க வேண்டாம்.

பாசி தின்பதற்காகச் சிலர் ‘அமானோ’ இறாலைத் தேடுகிறார்கள். செடித் தொட்டிக் கலையை உலகறியச் செய்த ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோவின் பெயரில் வழங்குவது அது. ஐந்து செ.மீ. வரை வளரும், பாசியையும் நன்றாகவே மேயும். ஆனால் அதன் குஞ்சுகள் பிழைக்க உப்பு கலந்த நீர் தேவை, வீட்டு நன்னீர்த் தொட்டியில் பெருகாது. வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், குடும்பம் பெருகும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஏரியிலோ ஆற்றிலோ பிடித்த சின்ன இறாலை விடலாமா?

தனித் தொட்டியில் விடலாம், செர்ரியோடு வேண்டாம். நம் ஆறு குளங்களில் கண்ணாடிபோல இருக்கும் இறால்களில் பெரும்பாலானவை மேக்ரோபிராக்கியம் வகை. சந்தையில் கிலோ கணக்கில் விற்கும் ஆற்று இறாலின் சின்னச் சொந்தக்காரர்கள். முன்னங்கால்கள் உடம்பைத் தாண்டி நீண்டு, நுனியில் கிடுக்கி தெளிவாகத் தெரிந்தால் அது அந்த வகைதான். இரவில் தோல் உரித்து மென்மையாக இருக்கும் செர்ரியை இழுத்துத் தின்றுவிடும், தூங்கும் கப்பி மீனையும் விடாது. செர்ரியின் முன்னங்கால்கள் குட்டையானவை. நுனியில் தூரிகைபோல மயிர்க்கற்றை இருக்கும், அதை வைத்துச் சுரண்டித்தான் தின்னும். பிடித்து அடிக்க அதனிடம் ஆயுதமே கிடையாது.

தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். கணக்குக்கு ஏறக்குறைய 40 லிட்டர். மேசை மேல் வைக்கும் உருண்டைக் கிண்ணம் வேண்டாம். சின்னத் தொட்டி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் கெடும்.

தொட்டி வைத்த அன்றே இறால் விடலாமா?

கூடாது. புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் அம்மோனியாவைக் கொஞ்சம் தாங்கும், இறால் தாங்காது. அக்வாசாயில் எனப்படும் சத்து மண் போட்டிருந்தால் இன்னும் கவனம், ஆரம்ப வாரங்களில் அதுவே அம்மோனியாவைக் கசியவிடும். செர்ரிக்கு அந்த மண் கட்டாயமில்லை. கழுவிய ஆற்று மணலும் பொடிக் கூழாங்கல்லும் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. இறாலின் அன்றாடச் சாப்பாடே கண்ணாடியிலும் கட்டையிலும் இலையிலும் படியும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம்தான். புதுத் தொட்டி கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும், இறாலுக்கு அது வெறும் தட்டு. என்னைக் கேட்டால் செடி வைத்து, நத்தை விட்டு, இரண்டு மாதம் சும்மா ஓட விடுங்கள். கண்ணாடியில் லேசாகப் பச்சை படிந்ததும் இறால் வாங்கப் போகலாம்.

என்ன செடிகள் வைக்கலாம்?

முதலில் ஜாவா மாஸ். குஞ்சுகள் ஒளியவும் மேயவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. கட்டையில் கட்ட அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். மண்ணில் நட இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டி, நம் வெயிலைப் பொறுத்துக்கொள்ளும். மிதக்க சால்வினியா. இவை எதற்கும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் தேவையில்லை. இறால்தான் முக்கியம் என்றால் சிலிண்டரே வேண்டாம் என்பேன். இரவில் வால்வு மூட மறந்தால் காலையில் மிச்சம் எதுவும் இருக்காது.

இரண்டு எச்சரிக்கை. நர்சரியிலிருந்து வரும் செடியில் பூச்சி மருந்து ஒட்டியிருக்கலாம். தனி வாளியில் ஒரு வாரம் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, அதற்குப் பிறகு தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். ஏரியிலிருந்து அள்ளி வரும் செடியில் தும்பியின் இளம்புழு ஒளிந்து வரும். அது இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். நாம் பாட்டுக்கு ‘எண்ணிக்கை குறையுதே’ என்று தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருப்போம்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துவருமா?

இதற்கு வெறும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்ல முடியாது. ‘எங்கள் வீட்டுத் தண்ணீர்’ என்று ஒன்று பல வீடுகளில் இல்லவே இல்லை. அடுக்குமாடிச் சம்ப்பில் திங்கட்கிழமை மெட்ரோ தண்ணீர் ஏறும், புதன்கிழமை போர் ஓடும், கோடையில் லாரி வந்து கொட்டிவிட்டுப் போகும். குழாய் ஒன்றுதான், உள்ளே வருவது ஒவ்வொரு வாரமும் வேறு. மெட்ரோ தண்ணீரே கூட ஏரி நீர், வீராணம், கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று பருவத்துக்கேற்ப மாறும் கலவை. கோவையில் சிறுவாணி வருகிற வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. அது மென்மையான நீர் என்பதால் கொஞ்சம் தாது சேர்த்தால் போதும்.

ஆகவே தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். பேனா மாதிரி இருக்கும், விலையும் அதிகமில்லை. தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் வாளியில் முக்கிப் பாருங்கள். மீட்டர் 150 முதல் 300 வரை காட்டினால் செர்ரிக்குச் சௌகரியம், 400 என்றாலும் நிதானமாகப் பழகிக்கொள்ளும். பிஹெச் 6.8 முதல் 7.8, ஜிஹெச் எனப்படும் கடினத்தன்மை 6 முதல் 10.

டிடிஎஸ் மீட்டர் கரைந்திருப்பதன் மொத்த அளவை மட்டும் சொல்லும், அது கால்சியமா கடல் உப்பா என்று சொல்லாது. கடலோரப் போர்களில் இரண்டும் கலந்திருக்கும். சொட்டு விட்டு நிறம் பார்க்கும் ஜிஹெச் கிட் ஒன்றும் கையில் இருப்பது நல்லது. கிட் இல்லாவிட்டாலும் வீட்டிலேயே ஒரு துப்பு கிடைக்கும். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று புலம்பல் வந்தால் அந்தத் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம்.

குளோரின் போட்ட தண்ணீரை வாளியில் பிடித்து ஏர் பம்ப் ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள்.

ஆர்ஓ தண்ணீர், கேன் தண்ணீர், ஏசி தண்ணீர், மழைத்தண்ணீர்: எதைப் பயன்படுத்தலாம்?

ஆர்ஓ மட்டும் விட்டால் தாது இல்லாமல் ஓடு கட்டாது. போர் மட்டும் விட்டால் கடினம். இரண்டையும் கலக்க வேண்டும், கணக்கு எளிது. போரின் டிடிஎஸ் 900, ஆர்ஓவின் டிடிஎஸ் 50 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போருக்கு நான்கு பங்கு ஆர்ஓ சேர்த்தால் 220 வரும். 900-உடன் நான்கு ஐம்பது, அதாவது 200 கூட்டினால் 1,100. ஐந்தால் வகுத்தால் 220. போர் தண்ணீரில் உப்பைவிடக் கால்சியம் தூக்கலாக இருந்தால் தனியாக மினரல் பொடிகூட வாங்க வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இப்போது விற்கும் சில ஆர்ஓ இயந்திரங்கள் ‘உடம்புக்கு நல்லது’ என்று தண்ணீரில் தாமிரம் சேர்க்கின்றன. நமக்கு நல்லதோ என்னவோ, இறாலுக்கு அது விஷம். காப்பர் என்று எழுதியிருக்கும் இயந்திரத்தின் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம்.

20 லிட்டர் கேன் தண்ணீரையும் ஆர்ஓபோலவே நடத்தலாம், மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சிலர் ‘சுத்தமான டிஸ்டில்டு வாட்டர்’ என்று பிடித்து வைக்கிறார்கள். அது வழிந்து வருவது உள்ளே இருக்கும் உலோகக் கம்பிச்சுருள் மேலிருந்து, அதில் தாமிரமும் உண்டு, வருடக் கணக்கில் சேர்ந்த தூசியும் உண்டு. துணி அலசவோ தரை துடைக்கவோ வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநீர் நன்றாகவே ஒத்துவரும். முதல் இரண்டு மழை மாடியைக் கழுவட்டும், பிறகு பிடித்து போர் தண்ணீரோடு கலந்து விடுங்கள்.

எவ்வளவு தண்ணீர், எப்போது மாற்றுவது?

வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு முறை பத்தில் ஒரு பங்கு, மெதுவாக. மீன் தொட்டிப் பழக்கத்தில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவார்கள். மறுநாளே இறால்கள் பக்குவம் வராமல் தோல் உரிக்க முயன்று சாகத் தொடங்கும். ஆவியாகி இறங்கும் அளவை ஈடுகட்ட ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள், கலவைத் தண்ணீர் வேண்டாம். நீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. மேலே மேலே உப்பு சேர்த்தால் இரண்டு மாதத்தில் 220 எங்கேயோ போய் நிற்கும்.

மே மாதத்தை எப்படித் தாண்டுவது?

செர்ரிக்குச் சுகமான வெப்பம் 22 முதல் 26 டிகிரி. 28 வரை பரவாயில்லை. 30-ஐத் தாண்டினால் முட்டையை உதிர்க்கும், சுறுசுறுப்பு குறையும். 32, 33-இல் ஒரு வாரம் நின்றால் பலவீனமானவை போய்விடும். கத்திரி வெயில் நாட்களில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தொட்டி இந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். சூடு மட்டும் பிரச்சினையல்ல. 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும் என்றால், 32 டிகிரியில் 7.3 தான் கரையும். இறாலுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் நேரத்தில் கையிருப்பு குறைகிறது.

முதல் காரியம் இடம். மேற்குச் சுவரிலிருந்து தொட்டியை விலக்குங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான அறை எது என்று பாட்டியைக் கேட்டால் சொல்வார், மதியம் அவர் பாய் போடும் இடம்தான்.

இரண்டாவது காற்று. மூடியை எடுத்துவிட்டு, சின்ன மின்விசிறி ஒன்றை நீர்மட்டத்தைத் தொட்டுப் போகும்படி சாய்த்து வையுங்கள். ஆவியாதல் இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். காற்று உலர்ந்திருக்கும் மதுரை, திருச்சியில் இது நன்றாக வேலை செய்யும். சென்னையில் ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் பலன் குறையும். விசிறி ஓடும் தொட்டியில் ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேலும் இறங்கும், மேலே சொன்ன ஆர்ஓ நிரப்பல் இப்போது தினசரி வேலையாகிவிடும்.

மூன்றாவது விளக்கு. மதியம் அணைத்து வைத்து, மாலை ஆறு மணிக்கு மேல் ஏற்றுங்கள். செடிக்குப் பகலோ இரவோ ஒன்றுதான், ஆறு ஏழு மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் சரி. ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். விளக்கு அணைந்ததும் செடிகளும் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள்.

ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் நான்கு டிகிரி இறங்கி மறுபடி ஏறுவதைவிட நிலையான 30 மேல். மின்வெட்டு நேரத்துக்கு யுஎஸ்பியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும் பவர் பேங்க்கும் எடுத்து வையுங்கள்.

சூட்டில் பொரிக்கும் குஞ்சுகளில் ஆண்கள் அதிகமாகவும், குளிர்ந்த நீரில் பெண்கள் அதிகமாகவும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கோடைக்குப் பிறகு முட்டை தாங்கும் பெண்கள் குறைந்தால் பதற வேண்டாம். கார்த்திகை, மார்கழி வந்தால் தொட்டி மறுபடி நிறையும்.

கொசுவர்த்தி, ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ்: இவற்றால் ஆபத்து உண்டா?

உண்டு. நல்ல தண்ணீர், நல்ல தொட்டி, ஆனால் ஒரே இரவில் எல்லாம் போச்சு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். சுருள், செருகி வைக்கும் திரவம், கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ், நாய்க்குப் போடும் உண்ணிப் பவுடர் இவற்றில் பெரும்பாலானவை பைரித்ராய்டு வகை மருந்துகள். பூச்சியின் நரம்பைத் தாக்குவதற்காகச் செய்தவை. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள் என்ற ஒரே கூட்டம். மருந்துக்கு வித்தியாசம் தெரியாது.

ஏர் பம்ப் செய்கிற வேலையையும் நினைத்துப் பாருங்கள். அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழாக விடுகிறது. பம்ப்பின் பக்கத்தில் சுருள் ஏற்றினால் புகை நேராகத் தொட்டிக்குள் போகும். அறையில் ஸ்ப்ரே அடிக்கத்தான் வேண்டும் என்றால் பம்ப்பை நிறுத்தி, தொட்டியை பாலிதீன் தாளால் இறுக்கி மூடி, அடித்து முடித்து ஜன்னலைத் திறந்து அறையை நன்றாகக் காற்றாடவிட்ட பிறகு திறங்கள். தெருவில் கொசுப்புகை வண்டி வரும் சத்தம் கேட்டாலும் இதேதான். தொட்டி இருக்கும் அறைக்குக் கொசுவலைதான் சரி.

மீன் சாப்பாட்டு வாசனைக்கு எறும்பு வருகிறது என்று ஸ்டாண்டின் நான்கு காலையும் சுற்றிச் சாக்பீஸ் கோடு போடுகிற வீடுகள் நிறைய. போட்ட கையை நன்றாகக் கழுவாமல் செடியைத் திருத்தத் தொட்டிக்குள் விட்டால் அவ்வளவுதான். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வையுங்கள், பழைய அலமாரிக்குச் செய்ததுபோல.

கடைசியாக, டெங்கு சீசனில் மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து சம்ப்பிலும் மேல்தொட்டியிலும் ஊற்றும் மருந்து. ‘அபேட்’ என்பார்கள். டெமிஃபாஸ் என்ற அந்த மருந்து கொசுப்புழுவைக் கொல்வதற்கானது. அந்த அளவில் மனிதருக்குப் பாதுகாப்பானது, ஊர் நலனுக்குத் தேவையானதும்கூட. தடுக்க வேண்டாம். ஆனால் இறால் தொட்டிக்குச் சில வாரம் அந்தக் குழாயைத் தொடாதீர்கள். மழைக்காலம் தொடங்குமுன் இரண்டு கேன் தண்ணீர் கைவசம் வைத்திருந்தால் இந்த வாரங்களைத் தாண்டிவிடலாம்.

எந்த ஃபில்டர் நல்லது?

ஸ்பாஞ்ச் ஃபில்டர். மலிவு, குஞ்சை உறிஞ்சாது, இறால்கள் அதன் மேலேயே உட்கார்ந்து மேயும். தொங்கும் ஃபில்டர் வைத்திருந்தால் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். கழுவும்போது குழாயடியில் அலச வேண்டாம், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி விடுவது?

சென்னையில் என்றால் கொளத்தூர். அலங்கார மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன பகுதி. தொட்டியில் இறால்கள் ஓயாமல் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். மூலையில் குவிந்து அசையாமல் நின்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். அன்று காலையில் வந்திறங்கியதை வாங்காதீர்கள், ஒரு வாரம் கடையில் தாக்குப்பிடித்ததைக் கேட்டு வாங்குங்கள். பெரிதாக, அடர்ந்த நிறத்தில் இருப்பவை வயதானவையாக இருக்கலாம். இளசாகப் பத்துப் பதினைந்து வாங்கினால் ஆணும் பெண்ணும் கலந்து வரும். முடிந்தால் கடைத் தண்ணீரின் டிடிஎஸ்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்க்காதீர்கள். இறால்களைத் தண்ணீரோடு ஒரு டப்பாவில் ஊற்றி, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டாக அதில் விழ விடுங்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் டப்பாத் தண்ணீர் மூன்று மடங்காகும். பிறகு வலையால் எடுத்து விடலாம், கடைத் தண்ணீர் தொட்டிக்குள் வேண்டாம்.

என்ன சாப்பாடு போடுவது?

பழகிய தொட்டியில் இருபது இறாலுக்குத் தனிச் சாப்பாடே அவ்வளவாகத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள், இரண்டு மணி நேரத்தில் தீரும் அளவு போடுங்கள். மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஷ்ரிம்ப் பெல்லட் இருந்தால் சரி. இல்லாவிட்டால் உப்பில்லாமல் வேகவைத்த சுரைக்காய்த் துண்டு, பசலைக்கீரை, முருங்கை இலை. மருந்தடித்த கீரை விஷமாகிவிடும், உங்கள் வீட்டு மரத்து முருங்கையென்றால் பயமில்லை.

வெளிநாட்டில் பாக்கெட்டில் போட்டு விலைக்கு விற்கும் ஒன்று நம் ஊரில் சும்மா உதிர்ந்து கிடக்கிறது: பாதாம் மரத்து இலை. நாட்டு வாதுமை என்றும் சொல்வோம். தானாகக் காய்ந்து விழுந்த பழுப்பு இலையைப் பொறுக்கி, கழுவி, கொதிநீரில் முக்கி உள்ளே போடுங்கள். சில நாளில் இறால்கள் இலையின் சதையை மேய்ந்து நரம்பை மட்டும் சல்லடை மாதிரி விட்டுவைக்கும். சாலையோர மரத்து இலை வேண்டாம், தூசியும் புகையும். வேப்பிலையும் கூடவே கூடாது. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகள் தோல் உரிப்பதைத் தடுக்கும் பொருள்.

இறால் செத்து வெள்ளையாகக் கிடக்கிறதே?

முதலில் நன்றாகப் பாருங்கள். கண்ணாடித்தாள் போல உள்ளே வெறுமையாக, மீசைவரை முழு உருவமும் இருக்க, தலைக்கும் உடலுக்கும் நடுவே முதுகில் பிளந்திருந்தால் அது உரித்துப் போட்ட சட்டை. சொந்தக்காரர் மாஸ் நடுவில் ஓடு இறுகும்வரை ஒளிந்திருப்பார். சட்டையை எடுக்காதீர்கள், கால்சியத்துக்காக மறுபடி தின்னும். உண்மையில் செத்த இறால் கொதிநீரில் போட்டதுபோல வெளிறிய இளஞ்சிவப்பாகிச் சதை மங்கியிருக்கும். அதை உடனே எடுத்துவிடுங்கள்.

உயிரோடிருக்கும் இறாலின் கழுத்தில் சுற்றிலும் வெள்ளை வளையம் தெரிந்தால் மோசம். ஓடு முதுகில் மட்டும் திறக்காமல் வட்டமாக விரிந்து மாட்டிக்கொண்டது என்று பொருள். பெரும்பாலும் பிழைக்காது. நிறையத் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினீர்களா, ஜிஹெச் குறைவா என்று பாருங்கள். குறைவென்றால் லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடுவார்களே, அந்தக் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு போட்டு வைக்கலாம்.

முட்டை வைத்திருப்பது எப்படித் தெரியும்?

பெண்ணின் தலைக்குப் பின்னால், முதுகில், சேணம் வைத்ததுபோல மஞ்சள் திட்டு தெரியும். அது இன்னும் கருவுறாத முட்டைகள். ஒரு நாள் அவள் சட்டை உரித்ததும் தொட்டியே அமளிதுமளியாகும். ஆண்கள் எல்லாம் மேய்ச்சலை விட்டுவிட்டு மேலும் கீழுமாகப் பறக்கும். விஷம் ஏதோ கலந்துவிட்டது என்று பயந்து தண்ணீர் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். அது வெறும் மாப்பிள்ளை ஊர்வலம். மறுநாள் பார்த்தால் அவள் வயிற்றுக்கடியில் இருபது முப்பது முட்டைகள் கொத்தாக இருக்கும். நீச்சல் கால்களால் விசிறிக்கொண்டே இருப்பாள். மூன்று நான்கு வாரம் இப்படி. கடைசி நாட்களில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும், குஞ்சின் கண்கள். பொரிந்து வருவது பெரியதின் அச்சு அசலான குட்டி வடிவம், ஊசிமுனைபோல. தனியாகப் பிரிக்க வேண்டாம், மாஸ் பார்த்துக்கொள்ளும்.

கூட மீன் வைக்கலாமா?

குஞ்சு வேண்டுமென்றால் வேண்டாம். வாயில் கொள்வதை எந்த மீனும் விடாது. கப்பி, சின்ன டெட்ரா இருந்தால் பெரிய இறால் பிழைக்கும், குஞ்சில் பாதிக்குமேல் போகும். ஏஞ்சல், பார்ப், லோச் இருந்தால் நீங்கள் வாங்கியது இறாலல்ல, மீனுக்குத் தீனி. ஃபைட்டர் மீன் அதன் குணத்தைப் பொறுத்தது. பாசி மேயும் சின்ன மீனான ஓட்டோசின்கிளஸ் மட்டும் தாராளமாக வைக்கலாம்.

சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் சேர்த்து விடலாமா?

முதல் தலைமுறைக்கு அழகாக இருக்கும். எல்லாம் ஒரே இனம் என்பதால் கலந்து, சில தலைமுறையில் காட்டுப் பழுப்புக்குத் திரும்பிவிடும். தொட்டிக்கு ஒரு நிறம்.

கண்ணாடியில் ஹைட்ரா, புழு தெரிகிறது. மருந்து போடலாமா?

முக்கோணத் தலையோடு வழுக்கி ஊர்வது பிளனேரியா, இலையில் ஒட்டிக் கைகளை விரித்து நிற்பது ஹைட்ரா. வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதிகச் சாப்பாடு. இரண்டு வாரம் பட்டினி போட்டுப் பாருங்கள். அடங்காவிட்டால் குடற்புழுவுக்கு நாய்க்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் வேலை செய்யும், இறால் தாங்கும். ஆனால் நத்தைகள் பலவும் சாகும், முன்னதாக அவற்றை மாற்றிவிடுங்கள். மீன் கடையில் ‘எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து’ என்று நீலமாக ஏதாவது கொடுத்தால் லேபிளைப் படியுங்கள். காப்பர் சல்ஃபேட், அதாவது மயில்துத்தம் இருந்தால் இறால் தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

எண்ணிக்கை அதிகமாகிவிட்டது, ஏரியில் விடலாமா?

விடாதீர்கள். ஜெர்மனியில் ஆலைச் சூட்டுநீர் கலக்கும் ஓடையில் யாரோ விட்ட செர்ரி இறால் நிலைத்துப் பெருகியிருக்கிறது. நம் நீர்நிலைகள் வருடம் முழுக்கச் சூடு, கேட்கவே வேண்டாம். தொட்டிக் கண்ணாடி சுத்தம் செய்ய வாங்கிய ‘டேங்க் கிளீனர்’ மீன் ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் வாங்கிய கடையில் கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

சமைத்துச் சாப்பிடலாமா?

வீட்டுக்கு வருகிற சித்தப்பாக்கள் தவறாமல் கேட்பது. ஒரு கரண்டித் தொக்குக்கு மொத்தத் தொட்டியும் பத்தாது.

பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போனால்?

போய்வாருங்கள். ஒரு பாதாம் இலை போட்டு, நீர்மட்டத்தை நிரப்பி, விளக்கை டைமரில் வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தாலும் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்காதீர்கள்.